ஜெயசீலி டாக்டரும் பெருக்கத் தெரிந்த ஆமையும்

செய்தி வந்தபோது நான் ஒரகடம் சந்திப்பில் நின்ற ஷேர் ஆட்டோ ஒன்றில், மூன்று பேர் உட்கார வேண்டிய இருக்கையில் ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் விடும் நேரம். சுற்றிலும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருந்தன. கைபேசியில் பழைய வேலையிடத்துத் தேவகி. "சார், டாக்டரம்மா பூட்டாங்க" என்றார். அந்த இரைச்சலில் எனக்குப் பாதிதான் கேட்டது. "எங்கே போனாங்க?" என்று கேட்டுவிட்டேன்.  "இன்னா சார் நீங்க... காலைல தவறிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றார்.

ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கி எங்கே போவது என்று தெரியவில்லை. டீக்கடை ஓரமாக நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, யாருக்காவது ஏதாச்சும்..." என்று இழுத்தார். "கூட வேலை பார்த்தவங்க" என்றேன்.  வார்த்தையை வைத்தே பிழைத்தவன் நான். அன்று அது கைகொடுக்கவில்லை.

வடக்குப்பட்டுக்கு அருகே ஓர் அறக்கட்டளை நடத்திவந்த அந்தச் சின்ன விலங்குக் காட்சிசாலையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிச் சுற்றுலாவில் வந்து, வரிசையில் நிற்காமல் என்னிடம் திட்டு வாங்கியவர்களும் படிக்கலாம். புலியும் சிங்கமும் இல்லாத காட்சிசாலை அது. மான், குரங்கு, முதலை, பறவைகள், ஆமைகள், அவ்வளவுதான். "புலி எங்கப்பா?" என்று கேட்டு, இல்லை என்றதும் டிக்கெட் காசைத் திருப்பித் தரச் சொன்னவர்கள் உண்டு. அங்கே பெயர்ப் பலகைகள் எழுதுவதும், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டி விளக்குவதும் என் வேலை. ஜெயசீலி எங்கள் கால்நடை மருத்துவர். விலங்குகளின் முழுப் பொறுப்பும் அவருடையது. வயதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், பொறுமையில் ரொம்பவே மூத்தவர். என்னை அவர் கடைசிவரை "பலகை" என்றுதான் கூப்பிட்டார்.

நான் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுவேன். அது அந்த வேலைக்கு வேண்டிய குணம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிக் கூட்டமொன்றிடம், "இந்த ஆமைக்கு வயது இருநூறு" என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று ஒரு குரல். ஜெயசீலிதான். பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். "அப்ப இதுக்கு எத்தன வயசு மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். "தெரியாது கண்ணு. அது வாய தொறந்து சொன்னாத்தான் உண்டு" என்றார் அவர். எனக்குக் கோபமென்றால் கோபம். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சாயங்காலம் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியாதுன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க பலகை. புள்ளைங்க இன்னும் கிட்ட வந்து பார்ப்பாங்க" என்றார். வீம்புக்காக மறுநாளே சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் வேலியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்ததேயில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த விஷயத்தில் வரவில்லை.

அந்த ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடகிழக்கு மலைக்காடுகளில், வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும் இடத்தில் வாழும் இனம் அது. அதன் காடு குறைந்துகொண்டே போகிறது. அதைப் பிடித்துத் தின்பவர்களும், விற்பவர்களும் குறையவில்லை. கடத்தலில் பிடிபட்ட ஒரு பெண் ஆமை எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. கல்யாணச் சமையல் அண்டாவின் மூடி அளவு இருக்கும். கறுப்பும் பழுப்புமாக, மழையில் நனைந்த பாறை மாதிரி ஒரு நிறம். பின்னங்கால் தொடைகளில் பெரிய கூம்புச் செதில்கள் துருத்திக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் இரண்டு கால் இருப்பது போலத் தோன்றும். அதனால் அதற்கு ஆறு கால் ஆமை என்றும் பெயர். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வேலியருகே சண்டை போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க அது தன் வேலிக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மெதுவாக நடந்து, ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டுப் போகும். வேலை எதுவும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்ததால் எங்கள் ஆட்கள் அதற்கு "சூப்பர்வைசர்" என்று பெயர் வைத்தார்கள்.

ஜெயசீலி எங்கெங்கோ விசாரித்து, வடக்கே ஒரு பெரிய காட்சிசாலையில் இதே இனத்தில் ஓர் ஆண் தனியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். கெஞ்சிக் கூத்தாடி அதை இரவலாக வாங்கினார். காட்சிசாலைகளுக்குள் இப்படி ஒரு வழக்கம் உண்டு: என்னிடம் பெண் இருக்கிறது, உன்னிடம் ஆண் இருக்கிறது, கொஞ்ச காலம் சேர்த்து வைப்போம், குஞ்சு பிறந்தால் பங்கு. கெடு வைத்து வந்த அந்த ஆணுக்கு எங்கள் ஆட்கள் "காண்ட்ராக்டு" என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கெடு 1992 பொங்கலோடு முடிவதாக இருந்தது. இரண்டும் சேர்ந்தன, பார்த்தோம். ஆனால் வருடங்கள் போயும் ஒரு முட்டைகூட இல்லை. கெடு முடிந்தால் அது அங்கே, இது இங்கே. இரண்டும் தனித்தனியாக, பின்னால் யாரும் இல்லாமல் முடிந்துபோகும். ஜெயசீலி அப்போது வேறு எதையும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல சம்பளத்தில் வந்த வேலை ஒன்றையும் இதற்காகவே வேண்டாம் என்றார்.

ஆமை மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். எங்களிடம் இருந்த புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆகவே அவர் மணல் கொட்டிப் பார்த்தார், செம்மண் கொட்டிப் பார்த்தார். ரப்பர் குழாயில் ஓட்டை போட்டு மேலே கட்டி, மலைக்காட்டு மழையை வடக்குப்பட்டு வெயிலுக்குள் கொண்டுவரப் பார்த்தார். சூப்பர்வைசர் மணல் குழி வரை நடந்துபோய், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஜெயசீலியின் முகம் அப்போது போகும் போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

இங்கே தேவகியைக் கொண்டுவர வேண்டும். துப்புரவு ஆட்களுக்கு அவர்தான் தலைவி. காட்சிசாலையைக் கழுவிவிட்ட மாதிரி வைத்திருப்பார். எங்கள் மேனேஜருக்கும் சுத்தம்தான் உயிர். தினமும் காலையில் ஒரு சருகு விடாமல் பெருக்கி எடுத்த பிறகுதான் கேட் திறக்கும். ஆமைகளின் வேலியில் நான் "இனப்பெருக்கப் பகுதி, அமைதி காக்கவும்" என்று எழுதி வைத்திருந்தேன். தேவகி அதைக் காட்டி, "போர்டுலயே பெருக்கம்னு போட்டுக்கீது சார். பெருக்காம வுட்டா தப்பாயிடாது?" என்று கிண்டலடித்துக்கொண்டே அந்த வேலிக்குள் மட்டும் இரண்டாவது தடவையும் பெருக்குவார். ஜெயசீலியும் சிரிப்பார். நாங்கள் எல்லாருமே சிரிப்போம்.

1991 நல்ல வருடமில்லை. மே மாதத்துக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பள்ளிச் சுற்றுலாக்கள் நின்றுபோயின. ஆட்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். தேவகியின் தம்பி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தான். அங்கே ஆயுத பூஜை எப்படி நடக்கிறது என்று அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த வருடம் தேவகி எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஜெயசீலியிடம் வந்தார்.

"கம்பெனில மிஷினுக்குப் பொட்டு வெச்சி, மால போட்டு, ரெண்டு நாளு கையே வெக்க மாட்டாங்களாம் டாக்டரம்மா. நம்ம தொடப்பம் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி? அதுவும் வருசம் பூரா ஒழைக்குதில்ல."

மேனேஜர் குதித்தார். ரெண்டு நாள் பெருக்காமல் விட்டால் இது காட்சிசாலையா குப்பைமேடா என்று கேட்டார். ஜெயசீலி, "மானுக்குச் சருகு மேல நின்னா கால் சுடாது சார். விடுங்க" என்றார். பிறகு எது ஆயுதம், எது ஆயுதமில்லை என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. தீனி வெட்டும் கத்தியைப் பூஜையில் வைத்துவிட்டால் குரங்கு பட்டினி கிடக்குமே. ஆகவே கத்திக்கும் வாளிக்கும் விலக்கு. துடைப்பம், கூடை, மண்வெட்டி, குப்பை வாரி எல்லாம் பூஜைக்கு. "உங்க காதுல மாட்டறதையும் குடுங்கம்மா" என்று தேவகி கேட்டதும், ஜெயசீலி கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அவர். "அதுக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்றார். துடைப்பங்களுக்கு நடுவில் அதுவும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

பூஜைக்கு முதல் நாள் உள்ளே வைத்த துடைப்பங்களை விஜயதசமிக்கு மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். நடுவில் மழை. காற்று வேறு. வாகையும் புங்கமும் மூங்கிலும் இலைகளைக் கொட்டித் தீர்த்திருந்தன. முதல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஆமை வேலிக்குள் போன தேவகி, போன வேகத்தில் திரும்பி வந்தார். துடைப்பம் கையிலேயே இருந்தது.

"சார், டாக்டரம்மாவக் கூப்புடுங்க. சூப்பர்வைசரு பெருக்கிக்கினு கீது."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தோம். அது பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பின்னங்காலை நீட்டிச் சருகை ஒரு வீச்சு வாரித் தள்ளும், பிறகு மறு கால். இடது, வலது, இடது, வலது. வேலியின் கோடியிலிருந்து தொடங்கிச் சருகைப் பின்னால் தள்ளிக்கொண்டே மூங்கில் புதர் வரை போகும். அங்கே சேர்த்துவிட்டு, திரும்ப முன்னால் நடந்து கோடிக்கு வரும். மறுபடி பின்பக்கமாக. பெருக்கிய இடத்தில் மண் தெரிந்தது. தேவகி பெருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. சேர்ந்த குவியலின் மேல் ஏறி உடம்பால் அமுக்கியது. இறங்கியது. இன்னும் வாரியது. மதியம் வந்தது, போனது. எங்களில் யாருக்கும் சாப்பாடு நினைவில்லை. சாயங்காலம் குவியல் என் முழங்கால் உயரம் இருந்தது. அந்த உடம்புக்கு அந்தக் காரியத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். குஞ்சாக இருந்தபோது பிடிபட்டதோ என்னவோ, தன் இனத்தில் இன்னொரு பெண்ணை அது பார்த்திருக்கவே வழியில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

ஜெயசீலி வேலிக்கு வெளியே சகதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.  "இது குழி தோண்டுற ஜாதியே இல்ல பலகை. சருகுல கூடு கட்டுற ஜாதி. தினமும் நாம பெருக்கினதாலதான் அது பெருகல." தேவகி துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஜெயசீலி அவரைப் பார்த்து, "அத மறுபடி பூஜைல வெச்சிடு தேவகி. நான் சொல்லும்போது எடுக்கலாம்" என்றார்.

அந்த வாரம் எங்கள் காட்சிசாலை தலைகீழாக இயங்கியது. வெளியே போன சருகெல்லாம் உள்ளே வந்தது. வல்லக்கோட்டையிலிருந்து வேலைக்கு வருகிற ஒருவர் மாந்தோப்புச் சருகைக் கோணியில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்தார். தேவகியின் தம்பிகூட ஒரு மூட்டை அனுப்பினான். கொண்டுவந்து வேலிக்குள் கொட்டினால், ஒன்று விடாமல் அவள் வாரி எடுத்துக்கொண்டாள். ஆம், "அது" என்று நாங்கள் சொல்வது அப்போதே நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் பகல் முழுவதும் மழை கொட்டியது. அவள் குவியலுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். முட்டையிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றப் போன தேவகியை உள்ளே விடவில்லை. நாலு காலையும் ஊன்றி எழுந்து வந்து வாளியை முட்டினாள். இது நிஜம்தானா என்று பார்க்க, ஜெயசீலி தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் குவியல் அருகே வைத்தார். அவள் இறங்கி வந்து, செருப்பைத் தலையால் முட்டி, வேலி ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வந்து கலைந்த சருகைச் சரிசெய்தாள். முட்டையை இட்டோமா, போனோமா என்று இருப்பவைதான் ஆமைகள் என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜெயசீலி ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். "வெறும் குப்பைக்கு யாராவது காவல் நிப்பாங்களா பலகை?"

கொஞ்ச நாள் காவல் இருந்துவிட்டு, அவள் பாட்டுக்குப் பழையபடி செடிகளைப் பார்வையிடப் போய்விட்டாள். சந்தேகம் அப்போதுதான் முளைத்தது. வாரங்கள் போயின. மார்கழி வந்தது. குவியல் கறுத்து, அமுங்கி, நிஜமாகவே குப்பை மாதிரி கிடந்தது. மேனேஜர் வந்து பார்த்தார். அவர் கெட்டவரில்லை. நியாயமாகத்தான் பேசினார். "ஒரே ஒரு முட்டைய எடுத்துக் காட்டுங்க டாக்டர். நானே அந்த ஊருக்கு போன் போட்டு ஆண் ஆமைய இன்னும் ஒரு வருஷம் கேக்கறேன். வெறும் சருகக் காட்டி எப்படிக் கேக்கறது?"

ஆமை முட்டை கோழி முட்டை மாதிரி இல்லை. இட்ட சில நாட்களில் உள்ளே கரு, ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. கை பட்டுப் புரண்டுவிட்டால் உள்ளேயே இறந்துபோகலாம். இதை ஜெயசீலி விளக்கினார். மேனேஜர், மெதுவாகத் தோண்டலாமே என்றார். ஜெயசீலி முடியாது என்றார். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை முடியாது.

மேனேஜர் போனதும் தேவகி ஜெயசீலியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணும்மா. நான் பூப்போல எடுக்கறேன். காட்டிட்டு வெச்சிடலாம். ஆம்பளய அனுப்பிட்டு அப்புறம் இன்னா பண்ணுவீங்க? இத்தினி வருசம் பட்ட பாடெல்லாம் வேஸ்ட்டா?"

"எடுத்துக் காட்டினா நான் ஜெயிச்சிடுவேன் தேவகி. உள்ள இருக்கறது?"

"உள்ள ஒண்ணுமே இல்லன்னா?"

"தெரியாது" என்றார் ஜெயசீலி.

எனக்கு அன்று அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. அந்தத் தெரியாதை அவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார் என்று பிறகுதான் உறைத்தது. பொங்கலுக்கு முன்பே வண்டி வந்தது. காண்ட்ராக்டை மரப்பெட்டிக்குள் ஏற்றினார்கள். அடியில் சருகு பரப்பியது ஜெயசீலியேதான். டிரைவரிடம், "அங்க போனதும் இது இருக்கற எடத்தப் பெருக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வண்டி கேட்டைத் தாண்டியதும் தேவகி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஜெயசீலியோடு பேச்சை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் வேலிக்குள் நாலு மூலைக்கும் நடந்து எதையோ தேடியது போல எனக்குப் பட்டது. என் மனசு அப்படி இருந்ததால் பட்டிருக்கலாம்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜோடி பிரிந்தே இருந்துவிடவில்லை. எங்களிடம் நடந்தது தெரிந்ததும் அந்தப் பெரிய காட்சிசாலைக்காரர்கள் ஆணைத் திருப்பி அனுப்பத் தயார் என்றார்கள். ஜெயசீலி, வேண்டாம், பெண்ணையே அங்கே அனுப்புகிறேன் என்றார். அங்கே இடம் பெரிது, மழை அதிகம், ஆட்கள் கம்பெனிக்கு ஓடிவிட மாட்டார்கள். எங்கள் மேனேஜர் இந்தத் தடவை அனுப்பவே கூடாது என்று சண்டை போட்டார். ஜெயசீலி கேட்கவில்லை. அவளோடு லாரியில் அவரே போனார், சருகு மூட்டைகளோடு. அங்கே மறு வருடமே அவள் கூடு கட்டினாள். அதன் பிறகு இந்த இன ஆமை இருக்கும் காட்சிசாலைகளுக்கெல்லாம் அவர் போனார். போன இடத்திலெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: பெருக்காதீர்கள். எங்கள் காட்சிசாலை சில வருடங்களில் மூடப்பட்டது. இன்று அந்த இடம் ஒரு கம்பெனியின் பஸ் நிறுத்தம். தேவகி ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆகி, ஓய்வும் பெற்றுவிட்டார். அந்தப் பதவிப் பெயரைக் கேட்டு ஜெயசீலி போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாராம்.

இனி, காண்ட்ராக்டு போன சில நாட்களில் வந்த அந்த நாளைச் சொல்கிறேன். காணும் பொங்கல். வருடத்தில் எங்கள் காட்சிசாலை நிரம்பி வழியும் ஒரே நாள். கட்டுச்சோற்றோடும் பாயோடும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் கரும்புச் சக்கை. நான் தொண்டை கட்டிப்போய் முதலைக் குளத்தருகே நின்றிருந்தேன். ஆமை வேலிப் பக்கம் ஓர் அம்மாள் தன் வீட்டுக்காரரிடம், "ஏங்க, அந்தக் குப்ப ஆடுது பாருங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. காற்று என்று அவர் சொன்னார். காற்றில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். குவியலின் பக்கவாட்டில் ஒரு சருகு மேலெழும்பி இறங்கியது. ஆளனுப்பினேன். ஜெயசீலி ஓடி வந்தார், மூச்சிரைக்க. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலிக்குள் போய், குவியலுக்கு ஓரடி தள்ளி நின்றார். சருகுக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. புளியங்கொட்டை அளவு. கண் திறந்திருந்தது. பின்னாலேயே ஒரு முன்னங்கால். அவ்வளவுதான், அதற்கு மேல் வரவில்லை. ஈரமான மூங்கில் தழை ஒன்று முதுகில் படிந்து அழுத்திக்கொண்டிருந்தது. அது தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காணும் பொங்கல் கூட்டம் அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. தோளில் குழந்தையோடு நின்றவர்கள் குழந்தையை இறக்கிவிடக்கூட மறந்து நின்றார்கள்.

எந்தப் பக்கத்திலிருந்தோ வந்து தேவகி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தத் தழைய எடுத்து வுடுங்கம்மா" என்றார், கெஞ்சுகிற குரலில். அவர்களுக்குள் பேச்சு நின்ற பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அது.  குஞ்சு மறுபடி சோர்ந்து தலையைச் சருகில் சாய்த்தது. "அம்மா" என்றார் தேவகி. எனக்கே கத்தத் தோன்றியது. இத்தனை வருடமும் காத்திருந்து, கெடுவும் போய், ஆணும் போய், கடைசியில் ஒரு தழைக்குக் கீழே அது செத்துப்போவதையா பார்த்துக்கொண்டு நிற்பது?

ஜெயசீலி நின்ற இடத்திலேயே நின்றார். குஞ்சு தலையைத் தூக்கியது. இன்னொரு காலை எங்கிருந்தோ வெளியே இழுத்தது. அந்தக் காலை ஊன்றி ஒரு தள்ளு. தழை நழுவி விழுந்தது. தன் முதுகின் மேல் உலகம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அது அப்படியே நின்று எங்களைப் பார்த்தது. அதன் பின்னால் சருகு இன்னொரு இடத்தில் ஆடியது. பிறகு இன்னொரு இடத்தில். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பலரும் கும்பிட்டார்கள். தேவகி வேலிக்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

எல்லாரும் முன்னாலிருந்து பார்த்தார்கள். நான் வேலிக்குள், ஜெயசீலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதனால் அவர்கள் யாரும் பார்க்காததை நான் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். சும்மா கட்டவில்லை. ஒரு கை மற்றதன் மணிக்கட்டை, விட்டால் ஓடிவிடும் என்பது போல, நகம் பதியப் பிடித்திருந்தது.  எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள். தலை மாட்டிக்கொண்ட மான்குட்டியைச் சட்டென்று இழுத்து உயிரோடு தந்த கைகள். குஞ்சின் நாலு காலும் வெளியே வந்து தரையில் ஊன்றிய பிறகுதான் அவர் பிடியை விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். என் மகள் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தபோதும், மகன் நல்ல வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கித் தடுமாறியபோதும், ஓடிப்போய் எதையாவது எடுத்துவிடத் துடித்த என் கைகளை அப்படித்தான் பின்னால் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். செய்தி வந்த மறுநாள் அவருடைய அடக்கத்துக்குப் போனோம், நானும் தேவகியும். பெட்டிக்குள் அவருடைய கைகளை முன்னால் எடுத்து, மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பார்கள். எனக்குத்தான் அவை அவர் கைகள் மாதிரியே தெரியவில்லை.